அடிமனை யாருடையது?

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

போன மாதம் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்தார். 1990-களில் என்னிடம் நான்காம் வகுப்பு படித்தவர். இப்போது அறுவடை இயந்திரம் ஓட்டுகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. உட்காரச் சொன்னேன். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தார்.

கலைஞர் கனவு இல்லம் திட்டத்தில் வீடு கேட்டிருக்கிறாராம். கிராம சபையில் பெயர் வாசித்துவிட்டார்கள். ஆனால் மனைக்குப் பட்டா கேட்கிறார்கள்.

"ரேஷன் கார்டு இருக்கு, கரண்டு இருக்கு, வீட்டு வரி ரசீது இருக்கு சார். இடம் மட்டும் எங்க பேர்ல இல்ல."

"யார் பேர்ல இருக்கு?"

தயங்கினார். "உங்க அப்பா பேர்ல இருக்கு சார்."

எங்கள் பழைய களத்துக்கு வடக்கே நாலு சென்ட் இடம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து அவர்கள் குடிசை அங்கேதான் இருக்கிறது. அந்த இடத்தை நான் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். அது யார் பெயரில் இருக்கிறது என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. யோசிக்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை, அவருக்கு இருந்தது. அன்று இரவு தூக்கம் வரவில்லை. முப்பது வருடத்துக்கும் மேலாகப் பிள்ளைகளுக்குச் சமூக அறிவியல் சொல்லிக்கொடுத்தவன் நான். என் வீட்டுக் கொல்லையில் இருந்த வரலாறு எனக்குத் தெரியவில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் இருக்கிறது. நான் படிக்கும்போது தஞ்சாவூர் மாவட்டம். 1991-ல் நாகப்பட்டினம் மாவட்டம் ஆனது. 1997-லிருந்து திருவாரூர் மாவட்டம். பொதுவாகக் கீழத்தஞ்சை என்று சொன்னால் எல்லோருக்கும் புரியும்.

இங்கே நிலத்தை வேலிக் கணக்கில் பேசுவார்கள். இருபது மா சேர்ந்தது ஒரு வேலி, ஏறக்குறைய 6.67 ஏக்கர். பல வேலி வைத்திருந்தவர்கள் மிராசுதார்கள். அதைவிட அதிகமாக வைத்திருந்தவை கோயில்களும் மடங்களும். உழுது, நட்டு, அறுத்தவர்கள் பண்ணையாட்கள். பெரும்பாலும் பள்ளர், பறையர் குடும்பங்கள். கூலி நெல்லாகக் கிடைக்கும். கல்யாணம், சாவு என்று வாங்கிய கடன் பேரன் தலையில் வந்து நிற்கும்.

பண்ணையாள் முறையைப் பற்றிப் பேசும்போது நாம் கூலியைச் சொல்வோம், கடனைச் சொல்வோம், சவுக்கடியையும் சாணிப்பாலையும் சொல்வோம். சொல்ல மறந்துவிடுவது குடிசை. அந்தக் குடிசை நின்ற மண் பண்ணைக்குச் சொந்தம். மூங்கிலும் கீற்றும் பண்ணையின் தோப்பிலிருந்து வந்தவை. "அரை மரக்கால் கூட்டிக் கொடுங்க ஆண்டே" என்று ஒருவர் வாய் திறந்தால், பதிலுக்கு யாரும் அவரை அடிக்க வேண்டியதில்லை. "நாளைக்குக் குடிசையைப் பிரிச்சுக்கோ" என்று சொன்னால் போதும். பிள்ளை குட்டியோடு எங்கே போவார்? அடுத்த ஊரிலும் மண் இன்னொரு மிராசுதாருடையதுதான்.

ஆக, கூலியும் மனையும் ஒரே கயிற்றின் இரண்டு முனைகள். நூறு வருடமாக நடந்த சட்டங்களையெல்லாம் இந்த ஒரு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் பல விஷயங்கள் தெளிவாகின்றன.

இதை முதலில் கண்டுபிடித்தவர்கள் நம் காலத்து ஆட்கள் அல்ல. 1891-லேயே செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமன்ஹீர் அந்த மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். பஞ்சமி நிலம் என்று இன்றும் நாம் பேசுகிறோமே, அதற்குத் தொடக்கம் அந்த அறிக்கைதான். குடியிருக்கும் மனைகூடச் சொந்தமில்லாமல் மக்கள் இருப்பது அப்போதே அரசாங்கக் கோப்பில் ஏறிவிட்டது. 1920-ல் சென்னை மாகாணத்தில் தொழிலாளர் ஆணையர் என்று ஒரு பதவி வந்தது. அந்தத் துறை தாழ்த்தப்பட்ட மக்களுக்கு மனை வாங்கிக் கொடுக்கும் வேலையைத் தொடங்கியது. கூட்டுறவுச் சங்கம் அமைத்து, தவணையில் பணம் கட்டச் சொன்னார்கள். மனை கிடைத்தவர்கள் கொஞ்சம் பேர்தான். ஆனாலும் நோய் எங்கே இருக்கிறது என்பது வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்திருந்தது.

1940-களில் கீழத்தஞ்சையில் விவசாயச் சங்கம் வந்தது. பி. சீனிவாசராவ், எங்கள் பக்கத்தில் பி.எஸ்.ஆர். என்பார்கள். கன்னடம் பேசும் பகுதியில் பிறந்து, இங்கே வந்து, சேரிகளில் தங்கி, அந்த மக்கள் கொடுத்ததைச் சாப்பிட்டுச் சங்கம் கட்டியவர். 1961-ல் இறந்தார். நினைவிடம் திருத்துறைப்பூண்டியில் இருக்கிறது. 1944-ல் மன்னார்குடியில் ஓர் ஒப்பந்தம், 1948-ல் மாயவரத்தில் ஓர் ஒப்பந்தம் என்று மிராசுதார்களும் சங்கமும் அதிகாரிகள் முன்னால் உட்கார்ந்து பேசினார்கள். சவுக்கடியும் சாணிப்பாலும் நின்றன. இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். நிமிர்ந்து நின்று எதிரில் பேசலாம் என்ற தைரியம் அப்போதுதான் வந்தது.

1952 ஆகஸ்டில் ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது தஞ்சாவூர் குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்பு அவசரச் சட்டம் வந்தது. பிறகு அதுவே சட்டமாகவும் ஆனது. காரணமில்லாமல் பண்ணையாளை நீக்கக் கூடாது, தகராறு வந்தால் சமரச அதிகாரியிடம் போகலாம் என்றது. ஆனால் ஒரு கிராமத்தில் ஒரு வேலிக்கு மேல் நிலம் வைத்திருப்பவர்களுக்குத்தான் பொருந்தும். எங்கள் தாத்தாவுக்கு ஒன்றரை வேலி இருந்தது. அந்த வருடம் பாதியைப் பாட்டி பெயருக்கு எழுதினார் என்று அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். பாட்டிக்குச் சந்தோஷம். ஏன் எழுதினார் என்று பாட்டிக்குத் தெரியாது.

அந்தச் சட்டத்துக்கு இன்னொரு விளைவும் இருந்தது. பண்ணையாளாக வைத்திருந்தால்தானே வம்பு என்று பல மிராசுதார்கள் தினக்கூலிக்கு மாறினார்கள். பண்ணையாள் என்ற பெயர் மெல்ல மறைந்தது. குடிசை மட்டும் அதே மண்ணில் நின்றது. முன்பாவது வேலையும் குடிசையும் சேர்ந்து இருந்தன. இப்போது வேலைக்கு உத்தரவாதம் இல்லை, குடிசைக்கும் உத்தரவாதம் இல்லை.

1961-ல் குடியிருப்பிலிருந்து வெளியேற்றுவதைத் தடுக்க ஒரு சட்டம் வந்தது. இருப்பவரை விரட்டக் கூடாது என்பது அதன் சாரம். இடம் அவருக்குச் சொந்தம் என்று அது சொல்லவில்லை.

அடுத்து 1968 டிசம்பர் 25. கீழ்வெண்மணி. நெல் கூலியைக் கொஞ்சம் கூட்டிக் கேட்டதிலும், சங்கக் கொடி பிடித்ததிலும், வெளியூர் ஆட்களை அறுப்புக்கு இறக்கியதிலும் வளர்ந்த பகை. அன்று இரவு தாக்க வந்தவர்களுக்குப் பயந்து ஒரே குடிசைக்குள் ஒளிந்துகொண்டவர்களை அப்படியே வைத்துக் கொளுத்தினார்கள். 44 பேர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகள், முதியவர்கள். எனக்கு அப்போது ஏழு வயது. எங்கள் வீட்டில் பெரியவர்கள் தணிந்த குரலில் பேசிக்கொண்டார்கள். எங்கள் தெருப் பிள்ளைகளை ஒரு வாரம் வெளியே விளையாட விடவில்லை. யாருக்கு யார் பயந்தார்கள் என்று அந்த வயதில் புரியவில்லை.

கேட்டது கூலி. எரிந்தது குடிசை. மேலே சொன்ன ஒரே கயிறு என்பதற்கு இதைவிடக் கொடுமையான சாட்சி வேண்டாம்.

வெண்மணிக்குப் பிறகு அரசு கணபதியா பிள்ளை ஆணையத்தை அமைத்தது. 1969-ல் கீழத்தஞ்சைக்காக விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. கூலியைச் சட்டம் சொல்லிவிட்டது. அந்தக் கூலியைக் கேட்டு வாங்குகிறவர் யார் மண்ணில் நின்று கேட்பது? இதற்குப் பதில் 1971-ல் வந்தது. அந்த ஆண்டு நாற்பதாவது சட்டம். தமிழ்நாடு குடியிருப்பு அனுபவதாரர்கள் உடைமை உரிமை வழங்கும் சட்டம்.

எளிமையாகச் சொல்கிறேன். ஒரு விவசாயியோ விவசாயத் தொழிலாளியோ இன்னொருவருடைய நிலத்தில், வாடகைக்கோ உரிமையாளரின் அனுமதியின் பேரிலோ, வீடோ குடிசையோ போட்டுக் குடியிருந்தால் அந்த மனை அவருக்கே சொந்தம். குடிசை நிற்கும் இடம் மட்டுமல்ல, வசதியாகப் புழங்குவதற்குத் தேவையான ஒட்டிய இடமும் சேரும். வருவாய்த் துறை அதிகாரி விசாரித்துப் பதிவு செய்ய வேண்டும். 1976-ல் கிராமக் கைவினைஞர்களுக்கும் இதே மாதிரி ஒரு சட்டம் வந்தது.

தமிழ்நாட்டின் நிலச் சட்டங்களில் அதிகம் பேசப்படாத, ஆனால் ஏழையின் முதுகெலும்பை நிமிர்த்திய சட்டம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன். நில உச்சவரம்பை 1970-ல் 15 தரநிலை ஏக்கராகக் குறைத்ததைப் பற்றி மேடைகளில் பேசுகிறோம். உச்சவரம்பில் ஒரு குடும்பத்துக்கு நிலம் கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். குடியிருப்புச் சட்டம் அவர் ஏற்கெனவே படுத்து எழுந்த இடத்தையே அவருக்குக் கொடுத்தது.

இனி என் வீட்டுக் கதை.

1971-ல் நான் ஐந்தாம் வகுப்பு. ஒரு நாள் சாயங்காலம் அப்பா என்னைக் கூப்பிட்டார். என் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று அவருக்குப் பெருமை. வெள்ளைத்தாள் கொடுத்து, தான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னார். இரண்டு படி. "நாங்கள் மேற்படி இடத்தில் களத்துக் காவலுக்காகத் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறோம். எங்களுக்கு அந்த இடத்தில் எந்தப் பாத்தியமும் இல்லை. கேட்கும்போது காலி செய்து கொடுத்துவிடுவோம்." பாத்தியம் என்ற சொல்லை அன்றுதான் முதன்முதலாக எழுதினேன். திண்ணைக்குக் கீழே ஒரு பெரியவர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார். அப்பா மைப்பெட்டியை நீட்டினார். அவர் கட்டைவிரலை வைத்தார். ஒரு படியை அவரிடம் கொடுத்தார்கள். "நல்லா எழுதியிருக்குதா புள்ள" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

போன மாதம் அந்தப் பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது அந்தத் தாள்தான். மடிப்பில் கிழிந்து, பழுப்பாகிப் போயிருந்தது. என் கையெழுத்து அப்படியே இருந்தது. அதை நீட்டிய மாணவர் ஒன்றும் சொல்லவில்லை. கரும்பலகையில் அதே கையெழுத்தைப் பார்த்துத்தான் அவரும் எழுதப் பழகினார். அவருக்குத் தெரியாமலா இருக்கும்?

அப்பா கெட்டவர் அல்ல. அதே பெரியவருக்கு உடம்பு முடியாதபோது வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியவர். நோயில் உதவுவது தர்மம், மனை என்று வந்தால் அது என் சொத்து. அன்றைக்கு ஊரில் பாதிப் பேர் இந்த இரண்டையும் ஒரே மனத்தில் வைத்துக்கொண்டு வாழ்ந்தார்கள். விசாரணைக்கு அதிகாரி வந்தபோது அந்தக் காகிதம் காட்டப்பட்டது. கணக்கு எழுதிய கர்ணம் எங்களுக்கு உறவு. அடங்கலில் களம் என்று இருந்தது. களம் என்றே நீடித்தது. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை அரசு ஒழித்தது 1980-ல்தான். சட்டம் 1971-ல் வந்தது. இடைப்பட்ட ஒன்பது வருடம் ஏட்டில் எழுதும் கை யாருடைய கை என்பதை நினைத்துப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1977 நவம்பரில் நாகைப் புயல் வந்தது. கீற்றுக் குடிசை ஒன்றுகூட எங்கள் பக்கம் நிற்கவில்லை. 1978-ல் ஆதிதிராவிடர் நலத் திட்டங்களுக்காக நிலம் கையகப்படுத்த மாநில அரசு தனிச் சட்டம் போட்டது. பல ஊர்களில் காலனிகள் வந்தன. பட்டா கிடைத்தது, தாட்கோ வீடு வந்தது, இந்திரா குடியிருப்புத் திட்டத்தில் வீடு வந்தது. சுவர் வைத்த வீட்டில் பிள்ளைகள் படித்தார்கள். என் வகுப்பிலேயே அந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்கிறேன். மழைக்காலத்தில் புத்தகம் நனையாமல் வரும் பிள்ளை யார் என்று பார்த்தால் போதும். 1981-ல் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விலை பேசி வாங்கி, நிலமற்ற பெண்களின் பெயரில் பதிய வைத்தார்கள். வீடு கட்டும் வேலையும் செய்தார்கள். பெண் பெயரில் பத்திரம் இருந்தால் அந்த வீட்டின் பேச்சே வேறு மாதிரி ஆகிவிடும்.

இன்றைக்கு வருவோம். 2024-ல் தொடங்கிய கனவு இல்லம் திட்டத்தில் ஒரு வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி. 2030-க்குள் குடிசையில்லாத தமிழ்நாடு என்பது இலக்கு. நல்ல திட்டம். மனமாரப் பாராட்டுகிறேன். ஆனால் வீடு கட்டப் பணம் கொடுக்கும் திட்டம் எதுவானாலும் கால் வைக்க மண் வேண்டும். பட்டா உள்ளவருக்கு வழி நேராகப் போகிறது. பட்டா இல்லாதவர் வாசலிலேயே நிற்கிறார். அடுத்தவர் பட்டாவில் குடியிருப்பவரும், கோயில் மனையிலும் மடத்து மனையிலும் குடியிருப்பவரும், வாய்க்கால் புறம்போக்கில் குடியிருப்பவரும் இந்த இரண்டாவது கூட்டம். 2018 கஜா புயலில் கூரையை இழந்தவர்களில் இவர்கள் எத்தனை பேர் என்று எங்கள் பக்கம் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஊராட்சிக்கு இதில் என்ன அதிகாரம்? கிராம சபையில் பெயரை வாசிக்கலாம். வீட்டு வரி வாங்கலாம். தெருவிளக்குப் போடலாம். மனையைப் பெயர் மாற்ற முடியாது; அது வருவாய்த் துறை. இவர் முப்பது வருடமாக வீட்டு வரி கட்டிய ரசீதுகளை அடுக்கி வைத்திருக்கிறார். வரி வாங்கும்போது அது வீடு. வீடு கேட்கும்போது அது களம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2020-ல் டெல்டாவைப் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் என்று சட்டம் போட்டார்கள். புதிதாக எண்ணெய், எரிவாயுக் கிணறு தோண்டக் கூடாது, குறிப்பிட்ட சில ஆலைகள் வரக் கூடாது. தஞ்சை, திருவாரூர், நாகை மாவட்டங்களோடு கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களும் அதில் அடக்கம். வயலைக் காக்க வேண்டும் என்பதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை. ஆனால் எங்கள் ஊரில் நத்தத்தைத் தாண்டினால் எல்லாம் நஞ்சை. நத்தம் ஊர்த்தெருவோடு முடிந்துவிடுகிறது. வயலைக் காக்கும்போது, அந்த வயலில் இறங்குகிறவர் குடியிருக்க ஊருக்கு நாலு மா ஒதுக்க வேண்டும் என்பதும் வேளாண் கொள்கைதானே?

மாணவர் போன பிறகு வக்கீல் நண்பரிடம் கேட்டேன். இரண்டு வழி சொன்னார். 1971 சட்டத்தின் கீழ் மனுப் போட்டு விசாரணைக்குக் காத்திருப்பது ஒன்று. அப்பாவின் வாரிசுகள் நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து எழுதிக் கொடுப்பது இன்னொன்று. மனு முடிய நாளாகும், பயனாளிப் பட்டியல் அதுவரை காத்திருக்காது என்றார்.

தங்கை உடனே சரி என்றாள். தம்பி வெளியூரில் இருக்கிறான். "ரோட்டோர இடம்ணே. இன்னைக்கு என்ன விலை போகுது தெரியுமா? பழசை ஏன் கிளறுறீங்க?" என்றான். நான் விலை பேசவில்லை. அந்தத் தாளைப் படம் எடுத்து அனுப்பினேன். "இது யார் எழுத்து, சொல்லு" என்றேன். கொஞ்ச நேரம் பதில் இல்லை. பிறகு, "பத்திரம் என்னைக்குன்னு சொல்லுங்க, லீவு போடணும்" என்றான்.

வருகிற வாரம் பதிவு. முத்திரைக் கட்டணம் நான் கட்டுகிறேன். ஒரே ஒரு விஷயம்தான் உறுத்துகிறது. எழுத்தர் அதைத் தானப் பத்திரம் என்கிறார். "வேற பேர் போட முடியாதா?" என்று கேட்டேன். படிவத்தில் அப்படித்தான் சார் என்றார். சட்டம் 1971-லேயே கொடுத்ததை 54 வருடம் கழித்து நாங்கள் திருப்பித் தருகிறோம். இதில் தானம் எங்கே இருக்கிறது? பத்திரத்தில் எழுத முடியாததால் இங்கே எழுதுகிறேன்.

மாணவரிடம் சொன்னபோது அவர் நன்றி சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு நிம்மதி. "பழைய தாளை என்ன செய்யலாம் சார்?" என்று கேட்டார். வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பிள்ளைக்குக் காட்டுங்கள் என்றேன்.

நிலம் உள்ள குடும்பத்தில் பிறந்த நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவின் பெட்டியைத் திறந்து பாருங்கள். உங்கள் சிட்டாவில் களம், திடல், கொல்லை என்று இருக்கும் இடத்துக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். அங்கே யாராவது மூன்று தலைமுறையாகச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தால், அந்த இடத்தின் கதையை வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.

மனையில் குடியிருக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்று. வீட்டு வரி ரசீதைத் தூக்கிப் போடாதீர்கள். ஒவ்வொன்றையும் வருட வாரியாக அடுக்கி வையுங்கள். நாளைக்கு உங்களுக்காகப் பேசப்போவது அந்தக் காகிதம்தான்.